1941 கேப்டன் மார்வெல் சீரியலில் பறந்தது யார்?

நீங்கள் கேட்டது இது. 1941-இல் ரிபப்ளிக் நிறுவனம் எடுத்த 'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்' சீரியலை, அதாவது தியேட்டரில் வாரம் ஓர் அத்தியாயமாகக் காட்டிய தொடர்படத்தை, அண்மையில் பார்த்திருக்கிறீர்கள். ஹீரோ கட்டடங்களுக்கு மேலே பறக்கும்போது கம்பி கண்ணில் படவே இல்லை. ஹீரோவாக நடித்த டாம் டைலரே பறந்தாரா, யாராவது டூப் போட்டார்களா? 1948-இல் வந்த சூப்பர்மேன் சீரியலில் பறக்கும் நேரம் மட்டும் ஆள் கார்ட்டூனாக மாறிவிடுகிறாரே, ஏழு வருடம் முந்தைய படம் அதைவிட எப்படி நன்றாக இருக்கிறது? பெயர் கேட்டதுபோல எழுதியிருந்தாலும், கணினி இல்லாத காலத்தில், கையில் பெரிய பணமும் இல்லாதவர்கள் நம் கண்ணை எப்படி நம்பவைத்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் சொல்லி முடித்தால் பதில் பொய்யாகிவிடும். திரையில் நீங்கள் பார்க்கும் கேப்டன் மார்வெல் ஒரே ஆள் கிடையாது. இரண்டு மனிதர்களும் ஒரு பொம்மையும் சேர்ந்துதான் அந்த ஒரு உருவம். அவர்களோடு சிறுவனாக வரும் நடிகரையும் சேர்த்தால் நாலு பேர் வேலை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2019-இல் மார்வெல் நிறுவனம் எடுத்த படத்தின் நாயகிக்கும் இந்தக் கேப்டன் மார்வெலுக்கும் தொடர்பில்லை. இவர் ஃபாசெட் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பாத்திரம். பில் பார்க்கர் எழுத, சி. சி. பெக் வரைய, 1940-இல் 'விஸ் காமிக்ஸ்' இதழில் அறிமுகமானவர். பில்லி பேட்சன் என்ற சிறுவன் 'ஷஸாம்' என்று சொன்னதும் மின்னல் வெட்டி, மலைபோல ஓர் ஆளாக மாறிவிடுவான். பின்னாளில் டிசி நிறுவனத்தின் கைக்குப் போய், இன்றைய தலைமுறைக்கு ஷஸாம் என்ற பெயரிலேயே தெரிந்தவர். நான் திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு படித்துவிட்டு எடிட்டிங் மேசையிலேயே வேலை பார்ப்பவன். பழைய சீரியல்களை ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்ப்பது எனக்குத் தொழிலோடு ஒட்டிய பழக்கம். கீழே சொல்வதில் தேதி, செலவு, நடிகர் பெயர்கள் எல்லாம் பதிவில் இருப்பவை. பொம்மையின் உயரம், எடை போன்றவை அந்தத் துறையில் இருந்தவர்கள் வழியாக வந்த செய்திகள், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். வெட்டு எங்கே விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்பது படத்திலேயே இருக்கிறது. நீங்களே நிறுத்திப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ரிபப்ளிக் முதலில் குறிவைத்தது சூப்பர்மேனைத்தான். அந்தப் பாத்திரத்தின் உரிமையாளரான நேஷனல் நிறுவனத்தோடு பேச்சு நடந்தது, படியவில்லை. திரைக்கதை தங்கள் பிடியில் இருக்க வேண்டும் என்று நேஷனல் பிடிவாதம் பிடித்தது என்றும், சூப்பர்மேனைக் கார்ட்டூன் படமாக எடுக்கும் உரிமை பாரமவுண்டுக்குப் போய்விட்டதால் வழி அடைபட்டது என்றும் இரண்டு காரணம் சொல்வார்கள். இரண்டுமே இருந்திருக்கலாம். எழுதி வைத்த கதையை ரிபப்ளிக் வீணாக்கவில்லை. சூப்பர்மேனை எடுத்துவிட்டு, காப்பர்ஹெட் என்ற முகமூடி மனிதனை நுழைத்து, 1940-இல் 'மிஸ்டீரியஸ் டாக்டர் சேட்டன்' என்ற சீரியலாக வெளியிட்டது. அதன் பிறகுதான் ஃபாசெட் பக்கம் திரும்பி கேப்டன் மார்வெலை வாங்கினார்கள். இப்படி, சூப்பர்மேனுக்கு முன்பே சினிமாவில் நடிகர் உருவில் வந்த முதல் காமிக்ஸ் சூப்பர் ஹீரோ என்ற இடம் இவருக்குக் கிடைத்தது.

சீரியல் என்ற வடிவத்தை இன்றைக்குப் பார்ப்பவர்கள் தவறாக எடைபோட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை பகல் காட்சியில், முழுநீளப் படத்தோடு சேர்த்து, வாரம் ஓர் அத்தியாயம் காட்டுவார்கள். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ சாகப்போகிற இடத்தில் நிற்கும். அடுத்த சனிக்கிழமை அவர்கள் திரும்பி வந்தாக வேண்டும், அதுதான் வியாபாரம். கேப்டன் மார்வெலுக்குப் பன்னிரண்டு அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் கிட்டத்தட்ட அரை மணி நேரம், மற்றவை பதினாறு பதினேழு நிமிடம். எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 1940 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1941 ஜனவரி கடைசியில் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள். செலவு 1,45,000 டாலரைச் சற்றுத் தாண்டியது, போட்ட திட்டத்தைவிட ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல். அதே 1941-இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் ஆனது. அது இரண்டு மணி நேரப் படம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பறக்கும் காட்சிகளைப் பாருங்கள், அந்தத் தொழிலாளர்கள் மேல் மரியாதை தானாக வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிபப்ளிக்கின் மினியேச்சர், தந்திரக் காட்சிப் பிரிவை நடத்தியவர்கள் ஹோவர்ட் லைடெக்கர், தியடோர் லைடெக்கர் என்ற சகோதரர்கள். வானத்தில் பறந்தது அவர்கள் செய்த பொம்மை. காகிதக்கூழில் செய்தது. ஆள் உயரத்தைவிடச் சற்றே பெரியது, ஏழடி என்பார்கள். எடையோ ஏழு கிலோவுக்குள். உடைக்கு மெல்லிய பட்டும் பருத்தியும். இரண்டு தோளிலும் இரண்டு கெண்டைக்காலிலும் பிடிப்பு வைத்து, அவற்றின் வழியாக இரண்டு நீளமான மெல்லிய கம்பிகளைக் கோர்த்திருந்தார்கள். கம்பிகளை ஓர் உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டு, மேலேயிருந்து பொம்மையை விட்டால் தன் எடையிலேயே வழுக்கி வரும். மோட்டாரும் தேவையில்லை, இழுக்க ஆளும் தேவையில்லை. கைகளை முன்னால் நீட்டி, முதுகை வில்லாக வளைத்த அந்தத் தோரணை, மேக் ராபாய் என்ற ஓவியர் வரைந்த படங்களைப் பார்த்து அமைத்தது.

நம் ஊரில் ரோப் ஷாட் எடுத்தவர்களுக்கு ஒன்று புரியும். ஆளைக் கம்பியில் தொங்கவிட்டால் கம்பி அவருக்கு மேலே செங்குத்தாக நிற்கும். இடுப்பில் பெல்ட் பிடிக்கும் இடத்தில் உடம்பு மடங்கும், கால் தொய்யும், முகத்தில் வலி தெரியும். அறுபது எழுபது கிலோ ஆளைத் தாங்கும் கம்பி கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்க வேண்டும், அதனால் வெளிச்சம் பட்டதும் மின்னும். லைடெக்கர் முறையில் கம்பி பொம்மையைத் தூக்கவில்லை, பொம்மை கம்பியோடு கம்பியாக ஓடுகிறது. அதாவது கம்பி பறக்கும் திசையிலேயே கிடையாகக் கிடக்கிறது. மேலிருந்து ஆளைப் பிடித்திருக்கும் கோட்டைத்தான் கண் தேடும். அங்கே எதுவும் இல்லாததால் தேடல் தோற்றுவிடுகிறது. பொம்மை லேசானது என்பதால் கம்பியையும் மிக மெல்லியதாக வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று நாங்கள் தடித்த கம்பியில் ஆளைத் தொங்கவிட்டு எடுத்துவிட்டு, வயர் ரிமூவல் என்று கிராஃபிக்ஸ் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கேமரா முன்னாலேயே அந்தச் சிக்கலை முடித்துவிட்டார்கள்.

இன்னொரு காரணம் வெயில். பொம்மையை அவர்கள் ஸ்டூடியோவுக்குள் அடைத்து வைக்காமல் வெளியே கொண்டுபோய் நிஜமான கட்டடத்துக்கும் மலைக்கும் நடுவில் விட்டார்கள். வானம் நிஜம், நிழல் நிஜம், மேலங்கி காற்றில் படபடப்பது நிஜம். பின்னணியும் ஆளும் ஒரே ஷாட்டில், ஒரே வெளிச்சத்தில் பதிவாகிவிடுவதால் ஒட்டு தெரிய வாய்ப்பே இல்லை. மேலே ஏறும் ஷாட்டுக்கு இதையே திருப்பிச் செய்தார்கள். பொம்மை கால் முன்னால் வரும்படி கீழே வழுக்கி வர, அதைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் தலை முன்னால் மேலே ஏறுவதுபோலத் தெரியும். அப்படி எடுக்கும்போது காற்று மேலங்கியைத் தலைப்பக்கம் புரட்டிவிடும் என்பதால் அதற்குக் கனம் வைத்துக் கட்டினார்கள். இந்தச் சின்ன விஷயத்தில் அசட்டையாக இருந்திருந்தால் மொத்த ஷாட்டும் பல்லிளித்திருக்கும்.

ஆனால் பொம்மை மட்டும் இருந்தால் நீங்கள் ஐந்து வினாடியில் கண்டுபிடித்திருப்பீர்கள். அதற்குக் கை அசையாது, தலை திரும்பாது. அதை மறைத்தவர் டேவிட் ஷார்ப். இளம் வயதில் அமெரிக்காவின் தேசிய அளவிலான டம்ப்ளிங் (கரணம் அடிக்கும்) போட்டிகளில் பட்டம் வென்றவர், பிறகு ரிபப்ளிக் சண்டைக் குழுவின் தூணாக இருந்தவர். டாம் டைலரைவிட உயரத்தில் நன்றாகவே குறைவு. இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் டூப் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் திரையில் அவர் நிற்பதே இல்லை, எப்போதும் காற்றில்தான் இருக்கிறார். விளிம்பிலிருந்து நெஞ்சை நிமிர்த்தி, கையை விரித்து, தலைகுப்புறப் பாய்கிறார். வேறோர் இடத்தில் உயரத்திலிருந்து ஃபிரேமுக்குள் வந்து இறங்குகிறார். ஒரு சண்டையில் நின்ற இடத்திலிருந்தே பின்பக்கமாகக் கரணம் அடித்து, அந்தச் சுழற்சியிலேயே இரண்டு பேரை உதைத்து வீழ்த்துகிறார். அதில் கம்பியும் இல்லை, வெட்டும் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஷாட் அது.

இப்போது ஒரு பறப்பை மேசையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். டாம் டைலர் நெஞ்சை விரித்து மேலே பார்க்கிறார், ஓட ஆரம்பிக்கிறார். வெட்டு. ஷார்ப் விளிம்பைத் தாண்டிப் பாய்கிறார், உடம்பு கிடையாக நீண்ட அந்த நொடியில், விழத் தொடங்கும் முன்பே வெட்டு. பொம்மை அதே தோரணையில், அதே திசையில் வானத்தைக் கடக்கிறது. நடுவில் முகம் தேவைப்பட்டால் டைலரைத் தாங்கியில் படுக்கவைத்து, பின்னால் மேகம் ஓடும் திரையை வைத்து எடுத்த ஒரு நெருக்கக் காட்சி. வெட்டு. ஷார்ப் மேலிருந்து குதித்து முழங்கால் மடங்க இறங்குகிறார். வெட்டு. டைலர் நிமிர்ந்து நிற்கிறார். ஒவ்வொரு வெட்டும் அசைவின் நடுவில் விழுவதால், முந்தைய ஷாட்டின் வேகத்தைக் கண் அடுத்த ஷாட்டுக்குள் எடுத்துச் செல்கிறது. ஷார்ப்பின் உயிரைப் பொம்மைக்கும், டைலரின் முகத்தை ஷார்ப்புக்கும் பார்ப்பவரே கொடுத்துவிடுகிறார். எந்த ஷாட்டையும் அதன் பொய் தெரியும்வரை நீளவிடவில்லை. பொம்மையை இன்னும் கொஞ்சம் காட்டலாமே என்ற ஆசை எந்த எடிட்டருக்கும் வரும். அந்த ஆசையை அடக்கியதுதான் இங்கே பெரிய வேலை என்பேன்.

1948 சூப்பர்மேன் சீரியல் தோற்றது இந்த இடத்தில்தான். அது கொலம்பியா நிறுவனத்தின் தயாரிப்பு. தயாரிப்பாளர் சாம் கேட்ஸ்மன், சூப்பர்மேனாகக் கர்க் அலின். நடிகரையே கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், கம்பி தெரிந்தது. அதைச் சரிசெய்யப் பொறுமையோ பணமோ இல்லாமல், பறக்கும் இடமெல்லாம் கோட்டோவியமாக வரைந்து சேர்த்துவிட்டார்கள். அலின் நல்ல துடிப்பான நடிகர், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிபப்ளிக்கிடம் லைடெக்கர் சகோதரர்கள் இருந்தார்கள், கொலம்பியாவிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு வருடத்தில் கருவி முன்னேறியிருக்கலாம், கைவேலை ஆளோடுதான் இருக்கும். லைடெக்கர்களும் இந்த வித்தையை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1936-இல் வந்த 'டார்க்கஸ்ட் ஆஃப்ரிக்கா' சீரியலிலேயே சிறகு வைத்த மனிதர்களைக் கம்பியில் பறக்கவிட்டுப் பார்த்திருந்தார்கள். அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது.

இயக்கியவர்கள் இரண்டு பேர், வில்லியம் விட்னி, ஜான் இங்லிஷ். ஒருவர் ஒருநாள் படம்பிடித்தால் மற்றவர் அடுத்த நாள் வேலைக்குத் தயாராவார். பேச்சுக் காட்சிகள் பெரும்பாலும் இங்லிஷ் பக்கம், அடிதடியும் துரத்தலும் விட்னி பக்கம். சேர்ந்து பதினேழு சீரியல்கள் செய்தார்கள். இந்தப் படத்தை எடுக்கும்போது விட்னிக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னால் சீரியல் சண்டை என்றால், கேமராவைத் தூரத்தில் வைத்து ஏழெட்டுப் பேரைக் கட்டிப்புரள விடுவது. கடைசியில் எல்லோரும் மூச்சுவாங்கிக் கொண்டிருப்பார்கள், யார் யாரை அடித்தார் என்றே தெரியாது. பஸ்பி பெர்க்லி என்ற ஹாலிவுட் நடன இயக்குநர் நடனக் காட்சிகளைச் சிறுசிறு துண்டாக ஒத்திகை பார்த்து எடுப்பதைப் பார்த்துத்தான் தனக்கு வழி பிறந்தது என்று விட்னி பிற்காலத்தில் சொன்னார். சண்டையையும் நடனம்போல அடி அடியாகப் பிரித்தார். ஒரு குத்து, ஒரு ஷாட். விழுவது தனி ஷாட். அடிபட்டவர் எழுவதற்குள் கேமரா இடம் மாறியிருக்கும். இன்றைக்கு எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் யோசிக்காமல் செய்வது இது. அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் விட்னிக்குப் பெரிய பங்கு உண்டு, அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பில்லி பேட்சனாக வரும் ஃபிராங்க் காக்லன் ஜூனியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது நியாயமில்லை. பேசாப்பட காலத்திலிருந்தே குழந்தை நட்சத்திரம். 1931-இல் வந்த 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஜேம்ஸ் காக்னியின் சிறுவயதுப் பாத்திரம் இவர்தான். கேப்டன் மார்வெலில் நடிக்கும்போது வயது இருபத்து நாலு, ஆனால் முகத்தில் பையன் தங்கியிருந்தான். கதை தாங்குவது இவர் தோளில்தான். காரணம் எளிது. கேப்டன் மார்வெலைத் துப்பாக்கி துளைக்காது, கத்தி வெட்டாது. அப்படிப்பட்டவரை வைத்து வாரம் ஒரு முறை பார்வையாளர்களைப் பதறவைக்க முடியாது. இரண்டாம் அத்தியாயத்தில் அவர் மயங்கிக் கிடக்க, கில்லட்டின் பிளேடு கழுத்தில் இறங்குவதோடு நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் பிளேடுதான் உடைகிறது. ரசிக்கத்தக்க தீர்வுதான், ஆனால் ஒரு தடவைக்குமேல் செல்லாது. ஆகவே ஆபத்தைப் பில்லிக்கும், கதையில் வரும் பெட்டி (Betty) என்ற பெண்ணுக்கும் வைத்தார்கள். பில்லியின் வாயைக் கட்டிவிட்டால் அந்த ஒரு சொல்லை அவனால் சொல்ல முடியாது, சொல்லாவிட்டால் அவன் வெறும் பையன். ரொனால்ட் டேவிட்சன் உள்ளிட்ட ஐந்து எழுத்தாளர்களும் இந்த ஒரு முடிச்சைப் பல விதமாகப் போட்டு அவிழ்க்கிறார்கள். உருமாறும் காட்சியும் இதே சிக்கனம்தான். காக்லன் சொல்லைச் சொல்கிறார், புகை குபீரென்று எழுகிறது, புகை முழுதாக மறைக்கும் நொடியில் வெட்டு, புகை விலகும்போது டைலர் நிற்கிறார்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி என்ற அந்தப் பெண்ணாக லூயிஸ் கரி. அதே வருடம் 'சிட்டிசன் கேன்' படத்தில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தலைகாட்டினார். நூறு வயது வரை வாழ்ந்து 2013-இல் மறைந்தார். நண்பன் வைட்டியாக வில்லியம் பெனடிக்ட். முனிவர் ஷஸாமாக நைஜல் டி புருலியர். ரஹ்மான் பார் என்ற பாத்திரத்தில் வரும் ரீட் ஹாட்லி, 1939-இல் இதே விட்னி, இங்லிஷ் இயக்கிய சீரியலில் ஸாரோவாக நடித்தவர். இசைக்குப் பொறுப்பு சை ஃபாயர். பின்னாளில் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் பெரிய தயாரிப்பாளர் ஆனார். வில்லனின் பெயர் ஸ்கார்பியன், முகமூடிக்காரன். கதையில் வரும் பொன்தேள் சிலையின் லென்ஸ்களைப் பங்கிட்டு வைத்திருக்கும் ஆராய்ச்சிக் குழுவிலேயே ஒருவன் அவன், ஆனால் யார் என்று கடைசி அத்தியாயம் வரை தெரியாது. முகமூடிக்குள்ளிருந்து வரும் குரல் அந்தக் குழுவில் நடித்த எவருடையதும் இல்லை. வானொலி நடிகர் ஜெரால்ட் மோரின் குரல், டைட்டிலில் பெயர் கிடையாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்க முயன்ற பிள்ளைகள் ஏமாந்திருப்பார்கள். துப்பறியும் கதையில் இது நேர்மையான ஆட்டம் இல்லை என்பது என் கருத்து.

குறையும் சொல்ல வேண்டும். கதை சியாமில் தொடங்குகிறது, அதாவது இன்றைய தாய்லாந்து. அங்குள்ள மக்கள் வெறும் ஆயுதக் கும்பலாக வந்து போகிறார்கள். தால் சோத்தாலி என்ற கீழைநாட்டுப் பாத்திரத்தில் நடித்தவர் ஜான் டேவிட்சன் என்ற அமெரிக்கர். முதல் அத்தியாயத்தில், ஓடும் எதிரிகளைக் கேப்டன் மார்வெல் எந்திரத் துப்பாக்கியால் பின்னாலிருந்து சுடுகிறார். வேறோர் இடத்தில் ஒருவனைக் கட்டடத்தின் மேலிருந்து தூக்கி எறிகிறார். காமிக்ஸில் சி. சி. பெக் வரைந்தவரோ சிரித்த முகத்தோடு குறும்பு செய்பவர். அந்த வெள்ளை மனம் படத்தில் தொலைந்துபோனது. டைலர் அதிகம் பேசாமல், இறுகிய முகத்தோடு நடந்து வருவது மிரட்டலாக இருக்கிறது, பார்க்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது வேறு ஆள். காமிக்ஸை நேசிப்பவர்கள் இதைச் சொல்லி வருந்தினால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

டாம் டைலர் பறக்கவில்லை என்று சொல்லிவிட்டதால் அவர் பங்கைக் குறைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இயற்பெயர் வின்சென்ட் மார்கோவ்ஸ்கி. லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம், பிறந்தது 1903-இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஹென்றியில். 1928-இல் அமெரிக்க தேசியப் பளுதூக்கும் போட்டியில் ஹெவிவெயிட் பிரிவில் வென்றவர். பேசாப்படக் காலத்தில் கௌபாய் நாயகன். அந்த உடையைப் பலர் போட்டாலும் அதற்குள் நிற்க அப்படி ஓர் உடம்பு வேண்டும், அது அவரிடம் பஞ்சு வைக்காமலேயே இருந்தது. 1939-இல் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்னை எதிர்க்கும் லூக் பிளம்மர் இவர். 1940-இல் 'தி மம்மீஸ் ஹேண்ட்' படத்தில் மம்மி. 1943-இல் கொலம்பியாவின் சீரியலில் ஃபாண்டம் வேடம், ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்த நம்மவர்கள் முகமூடி வீரர் மாயாவி என்று அறிந்த அதே பாத்திரம். நாற்பதுகளிலேயே மூட்டுவாத நோய் அந்த உடம்பை முடக்கத் தொடங்கியது. நாயக வேடங்கள் போய், சில நிமிடங்கள் வந்துபோகும் வேடங்களுக்கு இறங்கினார். கடைசியில் மிச்சிகனில் ஹாம்டிராமிக் என்ற ஊரில் உறவினர்களோடு இருந்து, 1954 மே மாதம், ஐம்பது வயதில் இறந்தார். காக்லன் போர்க்காலத்தில் கடற்படை விமானியானார், அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் பணியாற்றினார். திரையில் பறக்காதவர் வாழ்க்கையில் பறந்தார்.

படம் 1941 மார்ச் கடைசியில் வெளியானது. அதே வருடம் நேஷனல் நிறுவனம் கேப்டன் மார்வெல் சூப்பர்மேனின் நகல் என்று வழக்குத் தொடுத்தது. வருடக்கணக்கில் இழுத்து, 1951-இல் மேல்முறையீட்டில் நேஷனல் பக்கம் காற்றடித்து, கடைசியில் ஃபாசெட் சமரசத்துக்கு இறங்கி 1953-இல் கேப்டன் மார்வெல் காமிக்ஸை நிறுத்திவிட்டது. அதே 1953-இல்தான் ரிபப்ளிக் இந்தச் சீரியலை 'ரிட்டர்ன் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்று பெயர் மாற்றி மறுபடி வெளியிட்டது. லைடெக்கர்களின் கம்பி வித்தையோ ஓயவில்லை. 1949-இல் 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' சீரியலில் தோல் சட்டையும் முதுகில் ராக்கெட்டும் மாட்டிய மனிதன் பறப்பதும் இதே முறைதான். ஆனால் அங்கே ஹெல்மெட் முகத்தை மூடிவிடுவதால் நடிகரின் நெருக்கக் காட்சிக்குத் தேவை குறைந்தது, வேலையும் எளிதானது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் போன வாரக் கதையும் கடைசி ஆபத்தும் திரும்ப வரும், சேர்த்துப் பார்த்தால் சலிப்பு தட்டும். நாளுக்கு ஒன்று போதும். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு, அவர் தரையை விட்டுக் கிளம்பும் இடத்திலும் திரும்ப இறங்கும் இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். டைலரின் தோள் அகலத்தையும் ஷார்ப்பின் கால் நீளத்தையும் ஒப்பிட்டால் ஆள் மாறுவது பிடிபடும். பொம்மை வரும் ஷாட்டில் கையைவிட மேலங்கியைக் கவனியுங்கள். அது எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு தளர்வாக அடிக்கிறது என்பதை வைத்து, நேராக ஓட்டிய ஷாட்டா, திருப்பி ஓட்டிய ஷாட்டா என்று சொல்லிவிடலாம்.